வெள்ளகெவிக்கு ஏறும் பாதை

மதுரை சப்-கலெக்டராக இருந்த ரவுட்டனும், சென்னை வருவாய் வாரியத்தைச் சேர்ந்த சி. ஆர். காட்டனும் 1834-இல் கொடைக்கானல் மலையில் ஏறியது எங்கள் தேவதானப்பட்டியிலிருந்துதான். அடுக்கம் கணவாய் மேலே போய் முடிகிற செண்பகனூரில் சின்னதாக ஒரு பங்களா எழும்பியது. அதற்கு 11 ஆண்டு கழித்து, 1845-இல், அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து இரண்டு வீடுகள் கட்ட, கொடைக்கானல் என்கிற கோடை வாசஸ்தலம் பிறந்தது. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் ஊர்த் திண்ணைகளில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

பேசுவதற்கு எங்களுக்கு வேறு சங்கதிகள் இருந்தன. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணை காமாட்சியம்மன் இருக்கிறாள். அவள் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை. தேங்காயை உடைக்காமல், வாழைப்பழத்தை உரிக்காமல் வைத்துக் கும்பிடுவார்கள். காணிக்கை நெய் பானை பானையாக இருக்கும், ஒரு எறும்பு அண்டாது என்பார்கள். சிவராத்திரிக்கு எங்கெங்கிருந்தோ சனம் வந்து இறங்கும். காட்ரோட்டில் பஸ் ஏறி, டம்டம் பாறை வளைவில் எட்டிப் பார்த்தால் தலையாற்று அருவி 975 அடி உயரத்திலிருந்து விழுவது தெரியும். அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாகி எங்கள் அணைக்கு வருகிறது. கோயில், அணை, அருவி என்று ஊர்ப் பெருமை நிறைவாகவே இருந்தது. மலை எங்களுக்குத் தண்ணீர் தருகிற ஒன்று. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற மனிதர்களை நான் அறிந்தது பெரியகுளத்தில் அப்பா நடத்திய பலசரக்குக் கடையில்.

கடைக்கு மலையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். காலில் செருப்பு இருக்காது. பாதம் அகன்று, விரல்கள் ஒன்றுக்கொன்று விலகி, குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறியிருக்கும். விடிவதற்கு முன்னால் புறப்பட்டு, கும்பக்கரையில் இறங்கி, எலுமிச்சையும் மிளகும் காப்பிக்கொட்டையும் மலைவாழையும் சந்தையில் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கடைக்கு வந்து நிற்பார்கள். உப்பு, கருவாடு, வெல்லம், மண்ணெண்ணெய், டார்ச் பேட்டரி. இவைதான் திரும்பத் திரும்ப வாங்குவது. மலைமேல் இருக்கிற வெள்ளகெவி ஊர்க்காரர் ஒருவருக்கு அப்பா தனியாகவே ஒரு நோட்டுப் போட்டிருந்தார். அவரை அப்பா ‘அண்ணே’ என்பார். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அவர் இறங்க மாட்டார். பாக்கி அப்படியே நிற்கும். ஒருநாள் நனைந்த கோணிப்பையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்து, மடியை அவிழ்த்து, சில்லறை வரை எண்ணி வைப்பார். அப்பா அந்தக் கணக்கைச் சரிபார்த்து நான் பார்த்ததில்லை.

கல்லூரித் தேர்வு முடிந்த ஒரு கோடையில் அவரோடு ஏறினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கும்பக்கரையில் அருவிக்குக் கொஞ்சம் தள்ளி அவருடைய குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. மட்டக் குதிரைதான், ஆனால் அதன் நெஞ்சும் முன்னங்காலும் மலையேறுவதற்கென்றே செய்து வைத்தாற்போல இருந்தன. பொதி ஏற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. முதுகில் முதலில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டார். ஒரு சுருக்கம் இருந்தால்கூட மேலே போவதற்குள் முதுகு புண்ணாகிவிடுமாம். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இடப்பக்கம் அரிசி மூட்டை. அதற்குச் சரியான எடையாக வலப்பக்கம் உப்பும் வெல்லமும். எடை பார்க்கத் தராசு கிடையாது. இரண்டு மூட்டையையும் இரு கையில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வலப்பக்க மூட்டையைப் பிரித்து, ஒரு வெல்ல உருண்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இத நீங்க தூக்கிட்டு வாங்க தம்பி. அதுக்குச் சாஞ்சுரும்.”

கயிற்றை வயிற்றுக்கடியில் கொண்டுபோய், குதிரை மூச்சை விடுகிற நேரம் பார்த்து இழுத்து முடிந்தார். மூச்சை இழுத்து வைத்திருக்கும்போது கட்டினால் பாதி வழியில் கட்டுத் தளர்ந்துவிடும் என்று பின்னால் சொன்னார். மண்ணெண்ணெய் டின்னை மட்டும் குதிரைமேல் ஏற்றவில்லை. அரிசியில் நாற்றம் பிடிக்கும் என்று தன் தலையில் வைத்துக்கொண்டார்.

தொடக்கத்தில் பாதை முள்ளுக்காடு. காய்ந்த பாறை, சூடு. பாம்பாறு இடப்பக்கம் எங்கோ கீழே ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். யானை நிற்கிற இடம், காட்டுமாடு குறுக்கே போகிற தடம், தண்ணீர் கிடைக்கிற ஊற்று என்று அவர் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். செங்குத்தான இடங்களில் யாரோ கல்லைப் பாவி வைத்திருந்தார்கள். அந்தக் கற்களின் நடுவில் குளம்பு பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தது. குதிரை தவறாமல் அந்தக் குழியில்தான் கால் வைத்தது. நானும் அதையே பின்பற்றினேன், சறுக்கவில்லை. மேலே போகப் போக நிழல் வந்தது, காற்று மாறியது, பலா மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள் வந்தன. மூச்சு வாங்கி நின்று திரும்பிப் பார்த்தால் பெரியகுளம் கண்மாய் வெயிலில் பளபளத்தது.

ஊர் எல்லையில் மரத்தடியில் நின்று, “செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிருங்க” என்றார். அது கட்டளையும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. வீட்டு வாசலில் யாரும் நம்மிடம் சொல்லாமலே நாம் கழற்றுகிறோமே, அந்த மாதிரி ஒரு சாதாரணக் குரல். வெள்ளகெவியில் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீடுகளுக்கு நடுவிலும், பாறை மேலும், மரத்தடியிலுமாக எங்கு திரும்பினாலும் சாமி. பெயர் சொல்லிக் கும்பிடுகிற கோயில்களும் உண்டு. மஞ்சள் பூசிய வெறுங்கல்லும் உண்டு. எங்கே கோயில் முடிகிறது, எங்கே தெரு தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாத இடத்தில் எந்த வாசலில் செருப்பை விடுவது? ஆகவே ஊரே வாசல். பனி இறங்கிய காலையில் கூழாங்கல் சந்தில் வெறுங்காலோடு நடந்தபோது, கடையில் நான் பார்த்துப் பழகிய அந்தப் பாதங்களின் காரணம் முழுசாகப் புரிந்தது. வறுமை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது அவர்கள் கடைப்பிடிக்கிற மரியாதை.

வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மலை அவ்வளவு பரந்து கிடக்கும்போது ஏன் இப்படி நெருக்கிக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “குளிருக்குத் தம்பி. ஆனைக்கும்” என்றார் பெரியப்பாவின் வீட்டம்மா. பாலில்லாத கடுங்காப்பியைக் கருப்பட்டி கடித்துக்கொண்டு குடித்தோம். அந்தக் காப்பி அதே மேட்டில் விளைந்து, அதே திண்ணையில் காய்ந்து, அதே உரலில் இடிபட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் காப்பி குடித்திருக்கிறேன்; அந்த வாசனைக்கு ஈடு கிடைத்ததில்லை.

இரவில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊர் வந்த கதையைச் சொன்னார்கள். கீழ்நாட்டிலிருந்து ஆளுக்கும் அரசுக்கும் தப்பி மேலே ஏறியவர்கள் என்று ஒரு கதை. மேற்கே கொங்குப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று இன்னொரு கதை. இரண்டாவது கதைக்கு எழுத்துச் சாட்சி உண்டு. 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டு நூல், மலையில் உழுது வாழும் குன்னுவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று பதிவு செய்திருக்கிறது. அவர்களுக்கும் முன்னால் பளியர்கள் இந்தக் காட்டில் தேனெடுத்துக் கிழங்கு அகழ்ந்து வாழ்ந்தவர்கள். அதற்கும் முன்னால் யாரோ பெரும் பலகைக் கற்களை நிறுத்திக் கல்திட்டைகள் எழுப்பி இறந்தவர்களை வைத்திருக்கிறார்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டுப் பக்கமும் அவை இன்றும் நிற்கின்றன. செண்பகனூர்ச் சேசுசபைக் குருமார்களான ஆங்லேட், நியூட்டன் இருவரும் மலை மலையாக அலைந்து அவற்றை அளந்து வரைந்து, 1928-இல் தொல்லியல் துறை வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். தாண்டிக்குடியில் பின்னால் நடந்த அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்தன. மலையில் விளையாத மணி மலைக்கு வந்திருக்கிறது என்றால், மிளகும் ஏலமும் சுமந்து இறங்கிய யாரோ அதை வாங்கிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு பாதை இருந்திருக்கும்.

கொடைக்கானல் வரலாற்றில் வெள்ளகெவிக்கு உள்ள இடம் மிகப் பெரியது. 1821-இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் பி. எஸ். வார்டு, குன்னுவர் ஊரான வெள்ளகெவியில்தான் தங்கினார். அங்கிருந்துதான் மேலே ஏறி இன்றைய கொடைக்கானலைப் பார்த்தார். ரவுட்டன் வருவதற்கு 13 ஆண்டு முன்னால். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836-இல் வருவதற்கும், லெவிஞ்ச் 1863-இல் ஏரி வெட்டுவதற்கும் வெகு முன்னால். வார்டு ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறார்கள். அவருக்கு முன்னால் நடந்து வழி காட்டியவர், அவருடைய அளவைச் சங்கிலியைச் சுமந்தவர், ராத்திரி தீ மூட்டிச் சோறு போட்டவர் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த மேட்டில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மாடு மேய்த்த இடம் அது.

பிறகு கூட்டம் கூட்டமாகத் துரைமார்கள் வந்தார்கள். 1875-இல் ரயில் வந்ததும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து 12 மைல் குதிரையிலும் பல்லக்கிலும் நாற்காலியிலும் ஏறினார்கள். நாற்காலி தானாக ஏறாது. மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிப் போனவர்கள் கூலியாட்கள். 1914-இல் லாஸ் காட் ரோடு போட்டு முடிந்து மோட்டார் வண்டி மேலே போனதும் அந்தக் காலம் முடிந்தது. நடைபாதையைத் துரைமார்கள் மறந்தார்கள். வெள்ளகெவிக்காரர்கள் மறக்க வழியில்லை. அவர்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

தோளில் தூக்குவதும் நிற்கவில்லை. ஆள் மட்டும் மாறியது. இரண்டாம் முறை நான் போயிருந்தபோது நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. கம்பளியின் நாலு முனையையும் முறுக்கிப் பச்சை மூங்கிலில் கட்டினார்கள். டோலி என்றால் இவ்வளவுதான். கம்பளி நடுவில் ஒரு தலையணை, மேலே மூடப் பாலிதீன் தாள். முன்னால் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். வெளிச்சம் தூக்குகிறவர்களின் கண்ணில் படாமல் காலில் படவேண்டும். உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஆட்களைப் பொருத்தினார்கள்: இறக்கத்தில் நெட்டையானவர்கள் முன்னால், குட்டையானவர்கள் பின்னால், அப்போதுதான் மூங்கில் மட்டமாக இருக்கும். நிறுத்தாமலே தோள் மாற்றினார்கள். அந்தப் பெண் ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை. கூடவே அவள் மாமியார் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டு, “இந்தா ஊத்து வந்துருச்சு, இந்தா ஆலமரம் வந்துருச்சு” என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கும்பக்கரையில் ஜீப் நின்றது. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பிழைக்காமல் போன கதைகளும் அந்த ஊரில் உண்டு. அவற்றைச் சொல்லும்போது அவர்கள் பாதையைத் திட்டுவதில்லை. எந்தத் திருப்பத்தில் உயிர் போயிற்று என்று மட்டும் சொல்வார்கள்.

நிர்வாகக் கணக்கு இந்தத் துன்பத்தை இன்னும் கூட்டியது. நான் முதலில் ஏறியபோது மலையும் சமவெளியும் ஒரே மதுரை மாவட்டம். 1985-இல் திண்டுக்கல் பிரிந்தபோது கொடைக்கானல் வட்டத்தோடு வெள்ளகெவி அங்கே போயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் தேனி மாவட்டம் உருவாகிப் பெரியகுளம் இங்கே வந்துவிட்டது. ஊர்க்காரர்களின் சந்தையும் கடையும் ஆஸ்பத்திரியும் சம்பந்தமும் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டும் மனுவும் வேறு மாவட்டம். ஒரு கையெழுத்துக்காகக் கொடைக்கானலுக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்த் திரும்புகிற பாட்டைப் பெரியப்பா சொல்லும்போது குரலில் கோபம் இராது. களைப்பு இருக்கும். தேர்தல் வந்தால் மட்டும் அரசாங்கம் ஏறி வரும். வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரை முதுகில் கட்டிக்கொண்டு போவதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போடும். அந்தப் படத்தில் நான் தேடுவது கயிற்றின் முடிச்சை. பொதி சாயாமல் கட்டியிருக்கிறவன் வெள்ளகெவிக்காரன் என்று எனக்குத் தெரியும்.

அண்மையில் மேலேயிருந்து, வட்டக்கானல் பக்கமாக இறங்கினேன். டால்பின் நோஸ் பாறை வரை கடைகள், மாங்காய்க் கீற்று, மேகி, செல்பி. பாறையைத் தாண்டியதும் சட்டென்று கூட்டம் அற்றுப்போகிறது. சோலை மரங்களின் வேர்களே படிக்கட்டு. இந்தப் பக்கமிருந்தும் இளைஞர்கள் மலையேற்றம் என்று வருகிறார்கள். ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. பாலிதீன் பையும் பாட்டிலும் சிதறிக் கிடந்த இடத்தைப் பார்த்தபோது அதே மனம் கசந்தது. சாமி இருக்கிற இடத்தில் செருப்பு கூடாது என்றால் குப்பையும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்?

கிரேக்கத்தின் வடமேற்கில், பிண்டஸ் மலையில், சாகோரி என்ற மலைநாடு இருக்கிறது. அதன் கிராமங்களை இணைப்பவை கல் பாவிய கழுதைப் பாதைகளும் வளைவுக் கல்பாலங்களும். ஊருக்கு மேலே உள்ள காட்டைச் சாமிக்கு என்று நேர்ந்துவிட்டு, வெட்டினால் குற்றம் என்று தலைமுறைகளாகக் காத்திருக்கிறார்கள். 2023-இல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலக மரபிடமாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு வந்தது பொறாமை இல்லை, உரிமை. பாதை, குதிரை, வழிபாட்டுக் காடு, மலைக் கல்லால் கட்டிய நெருக்கமான வீடு, இவை அத்தனையும் என் மலையில் இருக்கின்றன. அங்கே கார்ச் சாலையும் உண்டு. பழைய பாதையையும் பாலத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். சாலை வந்தால் பாரம்பரியம் போய்விடும் என்று மலையேற்ற இளைஞர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியாது. டோலியை ஒருமுறை கண்ணால் பார்த்தவன் வெள்ளகெவிக்குச் சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். காட்டைக் குறைந்தபட்சம் தொட்டு, மழையில் மண் சரியாத சாலை வரட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும். அதோடு, கல் பாவிய பழைய பாதையைப் பொக்லைன் பெயர்த்துப் போடாமல் இருக்கட்டும். குளம்பு பதிந்த அந்தக் கற்களை வேறு எங்கே செய்ய முடியும்?

பெரியப்பா இப்போது இல்லை. அவர் பேரன் கொடைக்கானலில் வண்டி ஓட்டுகிறான். கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பள்ளத்தாக்கைக் காட்டி, “அந்த மரக்கூட்டத்துக்குக் கீழதாண்ணே எங்க ஊரு” என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வானாம். 1872-இல் அந்த நடைபாதையைப் போட்ட கோக்கர் பெயரில் அது வழங்குகிறது. பூங்காவுக்குப் பிரையண்ட் பெயர். ஏரியைச் சொன்னால் லெவிஞ்ச் பெயர். வெள்ளகெவியின் பெயரைத் தாங்கிய ஒரு பலகையைக் கொடைக்கானலில் நான் பார்த்ததில்லை. கோக்கர்ஸ் வாக்கின் கம்பி வேலியில், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில், ஒன்று வைக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். 1821-இல் வார்டு வந்து தங்கிய ஊர் கீழே தெரிகிறது, கொடைக்கானலுக்கு மனிதர்கள் ஏறிவந்த பழைய வழி அது, அங்கே போகிறவர்கள் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும், குப்பையைத் திருப்பி எடுத்துவர வேண்டும் என்று நாலு வரி. மனுவில் பேரனும் ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு நகலை அடுத்த திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம்.